கப்பலில் வரும் யந்திரமும் கழி பிடிக்கும் தொழிலாளியும்

(மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கலந்துகொண்ட மாலை வகுப்பில் ஆற்றிய உரை)



நடு இரவில் ரஸ்தாவை அடைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் விளக்குச் சுழல, ஆள் நடக்கும் வேகத்தில் ஒரு வண்டி போவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். இரவு ஷிப்டு முடிந்து சைக்கிளில் திரும்பும் மில் தோழர் பார்த்திருப்பார். விடியலில் நாற்று நடப் போகும் பெண்கள் பார்த்திருப்பார்கள். எத்தனை சக்கரம் என்று எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டிருப்போம். "இது எப்போது ஒதுங்கும், நாம் எப்போது வீடு போய்ச் சேருவது?" என்று சலித்துக்கொண்டும் இருப்போம்.

அந்த வண்டியில் என்ன போகிறது? அது எங்கிருந்து வருகிறது? அதை நகர்த்துகிறவர்கள் யார்? அவர்களுக்கு என்ன கிடைக்கிறது? இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை தேடுவதுதான் இன்றைய வகுப்பு.

மில்லில் வேலை செய்கிறவர்களுக்கும் வயலில் வேலை செய்கிறவர்களுக்கும் இது எதற்கு என்று யாரும் கேட்க வேண்டாம். மில்லுக்கு வரும் யந்திரமும் இப்படித்தான் வருகிறது. வயலுக்கு மேலே போகும் மின் கம்பிக்கு அடியில்தான் இந்த வண்டியும் போகிறது. ஒரே ரஸ்தாவில் நடக்கும் தொழிலாளிகள் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்வது அவசியம்.

என்ன வருகிறது?

கடல் கடந்து யந்திரம் வருவது நமக்குப் புதிதல்ல. நெய்வேலியில் 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது 1961 ஆகஸ்டு மாதத்தில். இடைப்பட்ட நாலு வருஷமும் மேல் மண்ணை அகற்றுவதிலேயே போயிற்று. அந்த மண்ணை வெட்டிய சக்கர யந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தவை. ஒரு வீட்டைவிட உயரமான யந்திரத்தை முழுதாக யாரும் கொண்டுவர முடியாது. பாகம் பாகமாக வந்தது. நெய்வேலி மண்ணில் தொழிலாளிகள் அதைப் பூட்டினார்கள்.

நம் காலத்து உதாரணம் சென்னை மெட்ரோ ரயில். பூமிக்கு அடியில் ஓடும் பகுதி முதன்முதலாக 2017 மே 14-ஆம் தேதி மக்களுக்குத் திறக்கப்பட்டது. இரண்டாம் கட்டத்துக்கான சுரங்கம் 2022-லிருந்து தோண்டப்பட்டு வருகிறது. இதற்கான யந்திரங்களில் சீனாவில் செய்து கப்பலில் வந்தவை உண்டு.

இந்த யந்திரம் எப்படி இருக்கும்? பெரிய இரும்புப் பீப்பாயை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். அதன் முகத்தில் வட்டமான தட்டு. அந்தத் தட்டில் மண்ணையும் பாறையையும் அரைக்கும் பற்கள். பீப்பாய்க்குப் பின்னால் மோட்டாரும் குழாயும் மண் வாரும் பட்டையும் ஏற்றிய தள்ளுவண்டிகள் வரிசையாகத் தொடரும். பீப்பாயின் குறுக்களவு சுமார் 6.6 மீட்டர். தொழிற்சாலையில் ஒருமுறை பூட்டி ஓட்டிப் பார்க்கிறார்கள். பிறகு கழற்றுகிறார்கள், கப்பலில் ஏற்றுகிறார்கள். கழற்றிய பிறகும் முன்பாகம் ஒன்றே நூறு டன்னை ஒட்டி நிற்கும்.

இப்போது நம் ரஸ்தாவைப் பாருங்கள். மோட்டார் வாகன விதிப்படி ஒரு லாரியின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது. இரண்டு வண்டி எதிரும் புதிருமாகப் போகும் ரஸ்தாவின் தார் அகலமே 7 மீட்டர்தான். 6.6 மீட்டர் சுமையைப் படுக்கவைத்து ஏற்றினால் முழு ரஸ்தாவையும் அது விழுங்கிவிடுகிறது. நிறுத்தி ஏற்றினால் வண்டியின் தளத்தையும் சேர்த்து ஏழு மீட்டருக்கு மேல் உயரம் போகிறது. மின் கம்பி இடிக்கிறது. படுக்கவைத்தால் மரமும் கடையும் தடை. நிறுத்தினால் கம்பியும் பாலமும் தடை. ஆகவே முடிந்ததை இன்னும் சிறு துண்டாக்கி அனுப்புகிறார்கள். முடியாததை அப்படியே அனுப்புகிறார்கள்.

துறைமுகத்தில்

சிறு பாகங்கள் பெட்டியில் வரும். அவை மற்றச் சரக்கோடு சரக்காகப் போய்விடும். பெரிய பாகங்கள் பெட்டிக்குள் அடங்காமல் கப்பலின் அடியறையில் தனியாகக் கட்டப்பட்டு வரும். இவற்றைப் பெரும்பாலும் தரையில் இறக்கிவைப்பதில்லை. இறக்கினால் மறுபடி தூக்க வேண்டும்; கிரேன் வாடகை இரட்டிப்பாகும். எனவே டிரெய்லரை நேரே கிரேன் கொக்கிக்கு அடியில் கொண்டுவந்து நிறுத்தி, கப்பலிலிருந்து வண்டிக்கே மாற்றுகிறார்கள்.

இந்த இடத்தில்தான் தொழிலாளியின் கைத்திறனைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பாகத்தின் மேலும் இரண்டு அடையாளம் வரையப்பட்டிருக்கும். எங்கே சங்கிலி மாட்ட வேண்டும் என்பது ஒன்று. பாரத்தின் மையம் எங்கே என்பது மற்றொன்று. அந்த மையம் வண்டியின் நடுக்கோட்டில் உட்கார வேண்டும். ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தால் ஒரு பக்கத்து டயர்கள் அதிகம் சுமக்கும். வளைவில் வண்டி சாயும். கிரேன் ஓட்டுகிறவர் மேலே இருக்கிறார். அவருக்குக் கீழே நடப்பது முழுக்கத் தெரியாது. கீழே நிற்கும் சிக்னல்காரரின் கையசைவே அவருக்குக் கண். சுமை தளத்தைத் தொடுவதற்கு முன் கட்டைகளை அடியில் தள்ளி ஒழுங்கு செய்கிறவர் தன் விரலைப் பணயம் வைக்கிறார். பிறகு சங்கிலி போட்டு இறுக்குகிறார்கள். முதல் சில கிலோமீட்டர் போனதும் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். ஓட்டத்தில் சங்கிலி தளரும்.

சரி, ஏற்றியாயிற்று, உடனே புறப்படலாமா? முடியாது. பட்டணத்துக்குள் பகலில் கனரக வண்டிகளுக்குத் தடை. இரவுக்குக் காத்திருக்க வேண்டும். சென்னைத் துறைமுகத்திலிருந்து மதுரவாயலுக்கு உயர்மட்ட ரஸ்தா போடும் வேலை 2009-ல் அடிக்கல் கண்டது, 2012-ல் நிறுத்தப்பட்டது, 2022 மே மாதம் மறுபடி அடிக்கல் கண்டது. இந்த வருஷங்கள் முழுவதும் துறைமுகத்து வாசலில் வண்டிக்குள்ளேயே தூங்கி, வண்டிக்கு அடியிலேயே சமைத்துச் சாப்பிட்டது லாரித் தொழிலாளிதான்.

எண்பது சக்கரம் எதற்கு?

சக்கரம் அதிகமாக இருப்பது ஆடம்பரத்துக்கு அல்ல. கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுமை 100 டன் என்று வைத்துக்கொள்வோம். டிரெய்லரின் சொந்த எடை 40 டன். ஆக 140 டன். டிரெய்லரில் பத்து வரிசை, வரிசைக்கு எட்டு டயர் என்றால் மொத்தம் எண்பது டயர். ஒரு டயருக்கு விழுவது 1.75 டன். சாதாரண லாரியின் பின் அச்சில் நாலு டயர் இருக்கும். அந்த அச்சுக்கு முன்பு 10.2 டன் வரை அனுமதி. 2018-ல் சர்க்கார் அதை 11.5 டன்னாக உயர்த்திற்று. அப்படியானால் ஒரு டயருக்கு ஏறக்குறைய 2.9 டன்.

ஆச்சரியமாக இல்லையா? பார்ப்பதற்கு மலை போலப் போகும் வண்டி, சாதாரண லாரியைவிட மெதுவாகத்தான் ரஸ்தாவை மிதிக்கிறது. பாரத்தைப் பங்கிட்டுக்கொண்டால் பாரம் குறைகிறது. ஒவ்வொரு வரிசையும் எண்ணெய் அழுத்தத்தால் மேலும் கீழும் அசையும். பள்ளத்தில் இறங்கும் சக்கரம் தொங்கிப் போவதில்லை. மேட்டில் ஏறும் சக்கரம் தனியாகச் சுமப்பதில்லை. எல்லாச் சக்கரமும் திரும்பும். அதனால்தான் அவ்வளவு நீளமான வண்டி ஊர் முனையில் வளைகிறது.

இதற்கு எதிரான பாடமும் உண்டு. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாகாணத்தில் ரஸ்தா போட்டு லாரிகளை ஓட்டிச் சோதித்தார்கள். அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் ரஸ்தாவுக்கு ஏற்படும் சேதம் இரண்டு மடங்கல்ல, சுமார் பதினாறு மடங்கு என்று கண்டார்கள். வரிசையைக் குறைத்து, டயரைக் குறைத்து, வாடகையை மிச்சம் பிடிக்கும் முதலாளி யாருடைய சொத்தைத் தின்கிறார்? மக்களின் வரிப்பணத்தில் போட்ட ரஸ்தாவை.

பாலத்தின் மேல்

ரஸ்தாவில் உதவும் கணக்குப் பாலத்தில் முழுதாக உதவாது. ரஸ்தா ஒவ்வொரு டயரையும் தனித்தனியே தாங்குகிறது. பாலமோ இரண்டு தூணுக்கு நடுவே நிற்கும் முழுப் பாரத்தையும் சேர்த்துத் தாங்க வேண்டும். எனவே இத்தகைய வண்டி பாலத்தில் ஏற முறை உண்டு. வேறு வண்டி ஒன்றும் பாலத்தில் இருக்கக் கூடாது. நடுக்கோட்டிலேயே போக வேண்டும். வேகம் மணிக்கு 5 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. நடுவில் பிரேக் அடிக்கக் கூடாது. இதையெல்லாம் அறிந்தவர் டிரைவர். பின்னால் ஹாரன் அடித்து அவசரப்படுத்துகிறவருக்கு இது தெரியாது.

பாலம் தாங்காது என்றால் ஆற்றிலேயே மண் பாதை போட வேண்டும். அல்லது பல ஊர் சுற்றிப் போக வேண்டும். வந்தவாசிப் பக்கத்துக் கொரக்கோட்டையிலிருந்து பெங்களூருக்குப் பெருமாள் சிலைக்கான பெரும்பாறை 2018-ல் புறப்பட்டது நமக்கெல்லாம் நினைவிருக்கும். 240 டயர் பூட்டிய வண்டி. வழியில் டயர்கள் வெடித்தன. குறுகலான ஊர்களில் வீடுகளும் கடைகளும் இடிக்கப்பட்டன. போய்ச் சேர்ந்தது 2019-ல். அதே 2019 ஜூலையில் மகாராஷ்டிரத்திலிருந்து திருவனந்தபுரம் விண்வெளி நிலையத்துக்கு 74 சக்கர வண்டியில் ஒரு பெரிய யந்திரம் புறப்பட்டது. வழியில் ஊரடங்கும் சேர்ந்துகொண்டது. சேர்ந்தது 2020 ஜூலை. ஏறக்குறைய ஒரு வருஷம்! அந்த ஒரு வருஷமும் வண்டியோடு நடந்த மனிதர்கள் வீட்டுக்கு எத்தனை நாள் போயிருப்பார்கள்?

கழி பிடிக்கிறவர்

தோழர்களே, இப்போது இந்தப் பேச்சின் முக்கியமான இடத்துக்கு வருகிறோம்.

ரஸ்தாவின் குறுக்கே போகும் மின் கம்பி எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும்? வீட்டுக்கு மின்சாரம் தரும் கம்பி 5.8 மீட்டர், உயர் அழுத்தக் கம்பி 6.1 மீட்டர். இது விதி. ஆனால் வெயிலில் கம்பி தொய்யும், கம்பம் சாயும், ரஸ்தாவுக்குத் தார் மேல் தார் போட்டுத் தரையே உயரும். விதியில் உள்ள உயரம் கம்பத்தில் இல்லை.

உயரமான சுமை வரும்போது என்ன செய்ய வேண்டும்? வண்டி புறப்படுவதற்கு முன்பே வழி முழுவதையும் அளந்து பார்க்க வேண்டும். எந்தக் கம்பி தடை என்று எழுதி மின்வாரியத்துக்குக் கொடுத்துப் பணம் கட்ட வேண்டும். வண்டி வரும் நேரத்தில் மின்வாரியத் தொழிலாளி மின்சாரத்தை நிறுத்தி 'லைன் கிளியர்' கொடுக்க வேண்டும். அவரே கம்பியைக் கழற்ற வேண்டும் அல்லது உயர்த்த வேண்டும். வண்டி போன பிறகு பூட்ட வேண்டும்.

நடப்பது என்ன? வண்டி வந்து சேர மூன்று மணி தாமதமாகிறது. வாங்கிய நேரம் முடிந்துவிடுகிறது. மறுபடி நேரம் வாங்க ஒரு நாள், இரண்டு நாள் ஆகும். வண்டி நின்றால் நஷ்டம் என்று டெலிபோனில் அதட்டல் வருகிறது. உடனே ஒரு ஹெல்பர் சுமையின் மேல் ஏறுகிறார். கையில் ஒரு கழி. கம்பியைக் கழியால் தூக்கிப் பிடிக்கிறார். வண்டி அடியில் நகர்கிறது. காய்ந்த கழி மின்சாரத்தைக் கடத்தாது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். பின்னிரவில் பனி இறங்கியிருக்கிறது, கழி ஈரம். காலுக்குக் கீழே நூறு டன் இரும்பு. 11,000 வோல்ட்டுக் கம்பியைத் தொடவே வேண்டியதில்லை, நெருங்கினாலே பாயும்.

இந்தத் தொழிலாளிக்கு என்ன பயிற்சி கொடுத்தார்கள்? ஒன்றுமில்லை. ரப்பர்க் கையுறை உண்டா? பெரும்பாலும் இல்லை. அவர் இறந்துபோனால் பத்திரிகையில் என்ன வருகிறது? "கவனக் குறைவால் விபத்து." யாருடைய கவனக் குறைவு? கழி பிடித்தவருடையதா, அவரைக் கழி பிடிக்க ஏற்றியவருடையதா? வழியை அளக்காமல் வண்டியை அனுப்பியவருடையதா? கம்பத்தைச் சரி செய்யாத நிர்வாகத்துடையதா? இந்தக் கேள்வியைக் கேட்க அவர் குடும்பத்துக்குத் தெம்பில்லை. அதை நாம்தான் கேட்க வேண்டும்.

நிற்கும் நாளுக்குப் பேட்டா இல்லை

இத்தகைய வண்டித் தொழிலாளர்களோடு நாம் பேசினோம். அவர்கள் சொன்னதில் ஒரு விஷயத்தை நீங்கள் மறக்கக் கூடாது. வண்டி ஓடும் நாளுக்குப் பேட்டா உண்டு. அனுமதிக்குக் காத்து நிற்கும் நாளுக்குப் பாதிப் பேட்டா அல்லது ஒன்றுமே இல்லை. பெரிய சுமை ஓடும் நாளைவிட நிற்கும் நாள்தான் அதிகம். வண்டியை விட்டுப் போகவும் முடியாது. டீசல் திருட்டு, பேட்டரி திருட்டு.

மறுபுறம் பாருங்கள். வண்டி தாமதமாக நின்றால் நாளுக்கு இவ்வளவு என்று நிறுத்தக் கட்டணம் போட்டுச் சரக்குக்காரரிடம் வாங்கிக்கொள்வது இந்தத் தொழிலில் வழக்கம். நிற்கும் வண்டிக்கு வாடகை உண்டு. நிற்கும் மனிதனுக்குக் கூலி இல்லை! இரும்புக்குள்ள மதிப்பு மனிதனுக்கு இல்லை.

இது எப்படிச் சாத்தியமாகிறது? யந்திரம் வாங்கியவர் ஒருவர். வேலையை எடுத்த காண்டிராக்டர் வேறொருவர். அவரிடமிருந்து ஏற்றுமதி இறக்குமதி ஏஜெண்டு. அவரிடமிருந்து போக்குவரத்துக் கம்பெனி. அதனிடமிருந்து வண்டி உரிமையாளர். கடைசியில் டிரைவரும் ஹெல்பரும். ஒவ்வொரு படியிலும் லாபம் மேலே போகிறது, பொறுப்புக் கீழே இறங்குகிறது. "உன் முதலாளி யார்?" என்று ஹெல்பரைக் கேட்டால் சொல்ல அவருக்கே தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

1961-ல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. நாளைக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி. ஐந்து மணி வேலை செய்தால் அரை மணி ஓய்வு. தொழிற்சங்கங்கள் போராடிப் பெற்ற எட்டு மணி ரஸ்தாவுக்கும் வந்தது. 2020-ல் பாராளுமன்றம் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை இயற்றிற்று. 2025 நவம்பர் 21-ஆம் தேதி அவை அமலுக்கு வந்தபோது பழைய சட்டம் அவற்றுள் அடக்கப்பட்டது. எட்டு மணி என்ற எண் புதிய ஏட்டிலும் இருக்கிறது. வேலைக்கு வைத்துக்கொள்ளும் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறது.

இந்தக் கடிதம் லேசான காகிதம் அல்ல. வேலையில் இறந்தவரின் குடும்பத்துக்கு நஷ்ட ஈடு தரும் சட்டம் 1923-லேயே வந்தது. இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் இருக்கிறது. ஆனால் அவர் அந்த வேலையில்தான் இருந்தார் என்பதற்கு அத்தாட்சி வேண்டும். "இந்த ஆளை எங்களுக்குத் தெரியவே தெரியாது, வழியில் ஏறிக்கொண்டவன்" என்று முதலாளி கைகழுவினால், கடிதம் இல்லாத விதவை எந்த வாசலில் நிற்பாள்? நஷ்ட ஈடு சம்பளத்தைப் பொறுத்துக் கணக்கிடப்படுகிறது. காகிதத்தில் சம்பளத்தைக் குறைத்து எழுதினால் நஷ்ட ஈடும் குறையும்.

நாம் செய்யக்கூடியது

சென்னை மெட்ரோவின் சுரங்க யந்திரங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நீலகிரி என்று மலையின் பெயர், காவேரி என்று ஆற்றின் பெயர், பிளமிங்கோ என்று பறவையின் பெயர். யந்திரம் மறுபக்கம் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்தால் மாலை போட்டுப் படம் எடுக்கிறார்கள். நல்லதுதான், பெரிய வேலை முடிந்தால் கொண்டாட வேண்டியதுதான். யந்திரத்தை நாம் வெறுக்கவில்லை. மண்வெட்டியால் வருஷக்கணக்கில் தோண்டி, மண் சரிந்து சாவதைவிட யந்திரம் தோண்டுவது மேல். ஆனால் அதைத் துறைமுகத்திலிருந்து தோளில் ஏற்றியது போலக் கொண்டுவந்து சேர்த்தவரின் பெயர் ஒரு நியமனக் கடிதத்தில்கூட இல்லையே, அதைத்தான் கேட்கிறோம்.

கேட்க வேண்டியவை அதிகமில்லை. லைன் கிளியர் கைக்கு வராமல் வண்டி கம்பிக்கு அடியில் நகரக் கூடாது. கழி பிடிக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். நிற்கும் நாளுக்கும் முழுப் பேட்டா வேண்டும். வண்டியோடு நடக்கும் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதமும் அடையாளச் சீட்டும் வேண்டும். இரவு ஓட்டிய டிரைவர் பகலில் படுக்க இடமும் தண்ணீரும் கக்கூசும் நெடுஞ்சாலையோரம் வேண்டும்.

இவற்றில் சில நம் கையிலேயே உள்ளன. வண்டி நம் ஊரில் வந்து நின்றால் டிரைவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவர் வேண்டுமென்று நிற்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். பிறகு கேளுங்கள்: லைன் கிளியர் வாங்கியாயிற்றா? மின்வாரியத்து ஆள் எங்கே? மேலே ஒருவர் கழியோடு ஏறினால், வண்டியை நகர விடாமல் நிறுத்தி மின்வாரிய ஆபீசுக்குப் போன் செய்யுங்கள். அது மறியல் அல்ல; ஓர் உயிரைக் காப்பாற்றுவது. மரம் விழுந்தாலும், கடையின் கூரை போனாலும், பம்புசெட்டுக் கம்பி அறுந்தாலும், வண்டி நகர்வதற்கு முன் எழுத்தில் வாங்குங்கள். அதில் கம்பெனியின் பெயரைப் போடச் சொல்லுங்கள். டிரைவரின் பையிலிருந்து பணம் பிடுங்காதீர்கள். அது அவர் பிள்ளைகளின் அரிசி.

மில் தோழர்களுக்கு மற்றொரு வேலை. உங்கள் மில்லுக்கு யந்திரம் வந்து இறங்கும் அன்று, வண்டியோடு வந்தவர்களை வாசலில் நிற்கவிடாமல் காண்டீனுக்கு அழைத்துப்போங்கள். எத்தனை நாளாக ரஸ்தாவில் இருக்கிறீர்கள், கடிதம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் பெயரையும் ஊரையும் சங்கத்து நோட்டில் எழுதி வாங்குங்கள். தாம் வேலை செய்ததற்குச் சாட்சி சொல்ல ஒரு சங்கம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியட்டும்.

எண்பது சக்கரமும் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்வதால்தான் வண்டி நகர்கிறது. நாமும் அப்படியே இந்தத் தொழிலாளிகளின் பாரத்தில் நம் பங்கை எடுத்துக்கொள்வோம். வரும் வாரத்துக்குள் ஒவ்வொரு கிளையும் தன் ஊர் வழியில் தாழ்ந்து தொங்கும் மின் கம்பிகளை எண்ணி, கம்பத்தின் நம்பரோடு எழுதிக்கொண்டு வர வேண்டும். மின்வாரியத்துக்கு மனுவாகக் கொடுப்போம். பதில் வராவிட்டால் மறுபடி போவோம். வேலையை அங்கிருந்து தொடங்குவோம்.